ரவிக்கைத் துண்டுகளில் துணி அஞ்சலட்டை: கேட்டதற்கு ஒரு விரிவான பதில்

ரவிக்கை தைத்து மீந்த துண்டுகள் இரண்டு பை நிறையச் சேர்ந்திருப்பதாகவும், பெற்றோரின் மணிவிழாவுக்கு வரும் உறவினர்களுக்கு அவற்றில் இருபது துணி அஞ்சலட்டைகளும் சில சிறு பரிசுகளும் செய்து தர விரும்புவதாகவும், வீட்டில் இருப்பது ஜிக்ஜாக் இல்லாத பழைய கால்மிஷின்தான் என்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். வர இயலாதவர்களுக்கு அவற்றைத் தபாலில் அனுப்பலாமா, சம்கியும் கண்ணாடியும் எப்போது வைத்துத் தைப்பது என்றும் கேட்டிருக்கிறீர்கள். உங்கள் மிஷினே போதும். தபாலிலும் அனுப்பலாம். ஆனால் அலங்காரத்தைப் பற்றி யோசிப்பதற்கு முன்பு அட்டையின் உள்விறைப்பையும் ஓரத்தையும் பற்றி யோசித்துவிட வேண்டும். முதல்முறை செய்பவர்கள் பெரும்பாலும் கண்ணாடி, குந்தன் கல், லேஸ் என்று மேற்பரப்பிலேயே முழு மனத்தையும் வைத்துவிடுகிறார்கள். ஆறு மாதம் கழித்து அந்த அட்டையைக் கையில் எடுத்தால், மேலே வேலைப்பாடு அப்படியே இருக்க, ஓரத்தில் நூல் பிரிந்து தொங்கும், நடுவில் அட்டை வளைந்திருக்கும்.

துணி அஞ்சலட்டை என்பது மூன்று அடுக்கு. மேலே நீங்கள் காட்ட விரும்பும் துணி, நடுவில் விறைப்புக்கு ஒன்று, பின்னால் எழுதுவதற்கு வெளிர்நிறப் பருத்தி. 15 செ.மீ. நீளமும் 10 செ.மீ. அகலமும் கொண்ட அளவு, 2000களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் துணி அடுக்குகளைச் சேர்த்துத் தைக்கும் குவில்ட் கலைஞர்களிடையே இந்த அட்டைகள் பரவியபோது நிலைபெற்றது. அவர்களுடைய 6 அங்குலம், 4 அங்குலம் என்ற கணக்குதான் அது. நம் அஞ்சல் துறையின் அட்டை 14 செ.மீ.க்கு 9 செ.மீ. என்று இன்னும் சற்றுச் சிறியது. மணிவிழாப் பரிசுக்கு 15-க்கு 10 என்ற அளவையே நான் பரிந்துரைப்பேன், ஏனென்றால் அந்த அளவிலான புகைப்படச் சட்டங்கள் எந்த ஊரிலும் கிடைக்கும். வாங்கியவர் விரும்பினால் சட்டம் போட்டு மேசையில் வைத்துக்கொள்ளலாம்.

முதலில் பைகளைக் கொட்டித் துணிகளைப் பிரியுங்கள். நிறவாரியாகப் பிரிக்கத்தான் கை போகும். ஆனால் பருத்தி, பட்டு, செயற்கை இழை என்று பிரிப்பதுதான் வேலைக்கு உதவும், காரணம் இஸ்திரிச் சூடு மூன்றுக்கும் மூன்று விதம். பார்த்துச் சொல்ல முடியாத துண்டிலிருந்து நாலைந்து இழைகளை உருவி, இடுக்கியில் பிடித்து, தண்ணீர்க் கிண்ணத்துக்கு மேலே வைத்துக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி காகிதம் எரியும் மணத்துடன் எரிந்து மெல்லிய சாம்பலாகும். பட்டு முடி கருகும் வாடையைத் தந்து, தொட்டால் பொடியும் கரியாகும். பாலியெஸ்டர் உருகிக் கெட்டியான மணி போல நிற்கும். ஜரிகைத் துண்டுகளைத் தனியே வையுங்கள். இப்போது வருகிற ஜரிகையில் பெரும்பகுதி செயற்கை இழை என்பதால், அதன்மேல் நேராக இஸ்திரிப் பெட்டியை வைத்தால் சுருங்கிக் கறுத்துப்போகும். மேலே ஒரு பருத்தித் துணி விரித்து மிதமான சூட்டில்தான் அழுத்த வேண்டும். பனியன் துணி, லெக்கிங்ஸ் துணி போன்ற இழுபடும் துண்டுகளை அட்டையின் முகத்துக்கு எடுக்காதீர்கள். அவை ஊசிக்கு அடியில் நீண்டு, அட்டையைக் கோணலாக்கும்.

அடுத்து நடு அடுக்கு. வெளிநாட்டுக் குறிப்புகளில் சொல்லப்படும் தடித்த விறைப்புத் துணிகளைத் தேடி அலைய வேண்டாம். சட்டைக் காலருக்கு வைக்கிற பக்ரம் தையல் சாமான் கடைகளில் மீட்டர் கணக்கில் கிடைக்கும். அதை இரண்டு அடுக்காக வைத்தால் போதிய விறைப்பு வந்துவிடும். 90 செ.மீ. அகலமுள்ள பக்ரத்தில் குறுக்கே ஆறு துண்டுகள் வரும். இருபது அட்டைக்கு நாற்பது துண்டுகள் வேண்டும் என்பதால் ஏழு வரிசை, அதாவது 70 செ.மீ. தேவை. ஒரு மீட்டர் வாங்கினால், வெட்டும்போது பிழை நேர்ந்தாலும் ஈடுகட்ட இடம் இருக்கும். பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையை நடுவில் வைப்பவர்களும் உண்டு. நானும் தொடக்கத்தில் அப்படித்தான் செய்தேன். செலவில்லை, விறைப்பும் நன்றாக இருக்கும். ஆனால் அட்டையில் தையல் நெருக்கமாக விழுந்தால், ஊசித் துளைகள் வரிசையாக அமைந்து, தபால் தலையின் ஓரத்தைப் போல அந்தக் கோட்டிலேயே கிழிந்துவிடும். அட்டைதான் வேண்டும் என்றால் தையலின் நீளத்தை 3 மி.மீ.க்குக் குறையாமல் வைத்துக்கொள்ளுங்கள், முனை மழுங்கிய பழைய ஊசி ஒன்றை அதற்கென்றே ஒதுக்குங்கள்.

பசை பற்றி ஒரு வார்த்தை. மைதாப் பசை வேண்டவே வேண்டாம். இராமபாணப் பூச்சி அதைத் தேடி வரும். வெள்ளைப் பசை மெல்லிய பட்டின் வழியே ஊறி மேலே கறையாகத் தெரியும். ஒரு பக்கம் பசைப்புள்ளிகள் உள்ள ஃபியூசிங் துணியை மேல்துணியின் பின்பக்கத்தில் இஸ்திரிப் பெட்டியால் அழுத்தி ஒட்டுவது போதும். பெட்டியைத் தேய்க்காமல் ஓரிடத்தில் பத்து நொடி வைத்து, தூக்கி, அடுத்த இடத்தில் வையுங்கள். தேய்த்தால் சிறு துண்டுகள் நகர்ந்துவிடும்.

இப்போது மேல்துணியை அமைப்பது. இங்கேதான் உங்கள் ரவிக்கைத் துண்டுகளுக்கு உண்மையான வேலை இருக்கிறது. இதில் எனக்கு உறுதியான கருத்து ஒன்று உண்டு: ஓர் அட்டைக்கு ஒரு துணிதான் தலைமை தாங்க வேண்டும். மற்றவை அதற்குத் துணை நிற்க வேண்டும். பையிலிருக்கும் பன்னிரண்டு துணிகளையும் ஒரே அட்டையில் காட்டினால் எதுவும் கண்ணில் நிற்காது.

என் அம்மாவின் பழைய மதுரைச் சுங்குடிச் சேலையில் கிழியாமல் எஞ்சிய ஒரு சாண் துணியை நான் முதன்முதலாக இப்படி எடுத்தேன். அரக்கு நிறம். உண்மையாக முடிச்சிட்டுச் சாயமேற்றிய சுங்குடியில் ஒவ்வொரு வெள்ளைப் புள்ளியும் துல்லியமான வட்டமாக இராது. நடுவில் ஊசிமுனையளவு நிறமும், சுற்றிலும் நூல் இறுகிய இடத்தில் மெல்லிய சுருக்கமும் இருக்கும். விரலால் தடவினால் புள்ளி சற்றே மேலெழுந்து தட்டுப்படும். இன்று மெழுகுப் பிளாக்கால் அச்சிட்டுச் சாயமேற்றும் சுங்குடியே அதிகம் விற்கிறது. அதில் இந்த மேடு இருக்காது. நான் பழக்கத்தின்படி இஸ்திரிப் பெட்டியை எடுத்தவள், அந்தச் சுருக்கங்கள் போய்விடுமே என்று கீழே வைத்துவிட்டேன். ஃபியூசிங் ஒட்டாமல், கீழே மெல்லிய மல் துணி வைத்துக் கையாலேயே ஓட்டுத் தையல் போட்டு இரண்டையும் சேர்த்தேன். புள்ளிகளுக்கு இடையிடையே அதே அரக்கு நிற நூலில் வளைந்து வளைந்து ஓடும் தையல் மட்டும். கீழ் விளிம்பில் மஞ்சள் ரவிக்கைத் துண்டு இரண்டு விரல் அகலத்துக்கு. சம்கி இல்லை, மணி இல்லை. அதைப் பெற்ற என் சித்தி உறையைப் பிரித்ததும் முதலில் செய்தது, கட்டைவிரலால் புள்ளிகளைத் தடவிப் பார்த்ததுதான். அது எந்தச் சேலை என்று அவருக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

உருவம் வைக்க விரும்பினால் எளிய பெரிய வடிவங்களையே எடுங்கள். தஞ்சாவூர்ப் பகுதியில் தேர்களில் தொங்கும் தொம்பைகளைப் பார்த்திருப்பீர்கள். ஒரு நிறத் துணியை வெட்டி இன்னொரு நிறத்தின்மேல் வைத்துத் தைத்த அந்தத் தாமரையும் யாளியும் வீதியின் மறுகோடியிலிருந்தும் தெளிவாகத் தெரிகின்றன, காரணம் ஒவ்வொன்றும் ஓரிரு நிறங்களில் வெளிக்கோட்டைக் கொண்டே நிற்கிறது. உள்ளங்கை அளவு அட்டைக்கும் அதே வழிதான் பொருந்தும். ஒரு குத்துவிளக்கு, ஒரு மாவிலை, ஒரு குடம் போதும். ரவிக்கையின் அக்குளில் வெட்டிய பிறைவடிவத் துண்டுகள் உங்கள் பையில் நிறைய இருக்குமே, அவற்றைத் திருப்பிப் பாருங்கள்: இரண்டு சேர்ந்தால் இலை, ஐந்து சேர்ந்தால் தாமரை. நான் அவற்றைப் பெரும்பாலும் மறுபடி வெட்டுவதில்லை.

நீங்கள் கேட்ட அலங்காரக் கேள்விக்கு இனி வருகிறேன். வரிசை முக்கியம். முதலில் இஸ்திரி வேலை முழுவதையும் முடித்துவிட வேண்டும். பிறகு மிஷின் தையலால் துண்டுகளைப் பதிக்க வேண்டும். அதன்பின் காம்புத் தையல், சங்கிலித் தையல், முடிச்சுத் தையல் முதலான கைவேலை. கடைசியில் சம்கி, மணி, கண்ணாடி. இவை அனைத்தும் மேல்துணியிலேயே, பக்ரத்தோடு சேர்ப்பதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். இரண்டடுக்குப் பக்ரத்தில் மணி ஊசியை ஒவ்வொரு முறையும் குத்தி இழுத்தால் விரல் புண்ணாகும், பின்புறத் துணியில் முடிச்சுகளும் தெரியும். முன்னரே தைத்துவிட்டால் முடிச்சுகள் எல்லாம் உள்ளே மறைந்துவிடும். சம்கி தைத்த பிறகு இஸ்திரிப் பெட்டியை அருகே கொண்டுபோகாதீர்கள். ஒருமுறை மறந்து நான் தேய்த்துவிட்டேன். பொன்னிறச் சம்கி முழுவதும் வற்றல் போலச் சுருண்டுவிட்டது.

இன்னொரு கணக்கையும் மனத்தில் வையுங்கள். எந்த மணியும் கண்ணாடியும் அட்டையின் ஓரத்திலிருந்து 2 செ.மீ. உள்ளே தள்ளியே இருக்க வேண்டும். ஓரம் தைக்கும்போது மிஷினின் அழுத்துகால் ஏறிச் செல்ல அந்த இடம் வேண்டும். இல்லாவிட்டால் கால் மணிமேல் ஏறி ஊசி முறியும்.

ஓரத்தை முடிப்பதற்கு ஜிக்ஜாக் உள்ளவர்கள் இரண்டு சுற்று நெருக்கமான ஜிக்ஜாக் போடுவார்கள். அது உங்களிடம் இல்லை என்பதில் வருத்தமே வேண்டாம், நான் சொல்லப்போகும் முறை அதைவிட நீடிக்கும் என்பது என் அனுபவம். பின்புறத் துணியை 18 செ.மீ.க்கு 13 செ.மீ. என்று நாற்புறமும் ஒன்றரை செ.மீ. கூடுதலாக வெட்டுங்கள். இதற்கு வெள்ளைப் பாப்ளினோ காடாத் துணியோ ஏற்றது. முதலில் நனைத்துக் காயவைத்துச் சுருக்கத்தைப் போக்கிவிடுங்கள். 90 செ.மீ. அகலத்தில் ஒரு வரிசைக்கு ஐந்து என நான்கு வரிசையில் இருபதும் வந்துவிடும், 60 செ.மீ. துணி வாங்கினால் தாராளம். இத்துணியை மேசையில் விரித்து, நடுவில் பக்ரத் துண்டுகள் இரண்டையும், அவற்றின்மேல் அதே 15-க்கு 10 அளவில் நறுக்கிய மேல்துணியையும் முகம் மேலே தெரிய வையுங்கள். நான்கு மூலைகளிலும் பின்துணியின் நுனியை உள்நோக்கிச் சாய்வாக மடித்து, அந்த மடிப்பு பக்ரத்தின் மூலையைத் தொடும்படி இஸ்திரி இல்லாமல் நகத்தால் கீறி அழுத்துங்கள். நுனியில் கூடுதலாக இருப்பதைக் கத்தரித்துவிடுங்கள். பிறகு நீளப் பக்கங்களை இரண்டு மடிப்பாக, முதல் மடிப்பில் பிசிறு அட்டை விளிம்பைத் தொடவும் இரண்டாவது மடிப்பில் அது அட்டையின் மேல் ஏறிப் படியவும் மடித்து, கிளிப் போட்டுப் பிடியுங்கள். துணி உலர்த்தும் சிறிய கிளிப் போதும். அகலப் பக்கங்களும் அப்படியே. மூலையில் சாய்வுக் கோடு ஒன்று புகைப்படச் சட்டத்தின் மூலையைப் போலத் தானாக அமையும். மடிப்பின் உள்விளிம்பிலிருந்து ஒரு நூலிழை தள்ளி நான்கு பக்கமும் ஒரே சுற்றாக நேர்த்தையல் போடுங்கள். 16ஆம் எண் ஊசி, தையல் நீளம் 2.5 மி.மீ. மூலைக்கு வரும்போது மிதியை நிறுத்தி, சக்கரத்தைக் கையால் சுற்றி, ஊசி துணிக்குள் இறங்கி நிற்கையில் அழுத்துகாலைத் தூக்கி அட்டையைத் திருப்புங்கள். கால்மிஷினில் இந்தத் திருப்பம் மின்மிஷினைவிடத் துல்லியமாக வரும், ஏனென்றால் ஒவ்வொரு குத்தும் உங்கள் கையின் கட்டுப்பாட்டில் இருக்கிறது.

நிறத்தில் வேறு ஓரம் வேண்டும் என்றால் இரண்டரை செ.மீ. அகலப் பட்டியால் தனியே கட்டலாம். அதற்குத் துணியைக் கிராஸாக, அதாவது இழைக்குச் சாய்வாக, வெட்ட வேண்டாம். கிராஸ் பீஸ் என்பது கழுத்தின் வளைவுக்கானது. அட்டையின் ஓரம் நேர்கோடு என்பதால் நேராக வெட்டிய பட்டியே படியும், துண்டுத் துணியும் வீணாகாது. கைத்தையலில் மனம் செல்பவர்கள், கம்பளிப் போர்வையின் ஓரத்தில் போடுவது போன்ற கம்பளித் தையலால் சுற்றிவரலாம். இருபதுக்கு அது நீண்ட வேலை. பெற்றோருக்கென்று செய்யும் ஒன்றிரண்டுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

பின்புறத்தில் எழுதுவதைத் தைப்பதற்கு முன்பே செய்வது நல்லது, பிழை நேர்ந்தால் அந்தத் துணியை மட்டும் மாற்றலாம். மெலிதாகக் கஞ்சி போட்டு இஸ்திரி செய்த பருத்தியில் மை அவ்வளவாகப் பரவாது. ஜெல் பேனா எப்படியும் பரவும். துணிக்கென்றே விற்கும் அழியாத மைப் பேனா சிறந்தது. அது இல்லாவிட்டால் சாதாரண பால்பாயின்ட் பேனாவால் துணியை அட்டைமேல் இழுத்துப் பிடித்து மெதுவாக எழுதுங்கள். முன்பக்கத்தில் உள்ள துணி எந்தச் சேலையின் ரவிக்கை, யார் எந்த விழாவுக்கு உடுத்தியது என்று இரண்டு வரி எழுதிவிடுங்கள்.

தபால் விஷயத்துக்கு வருகிறேன். நம் நாட்டில் அஞ்சலட்டை 1879 ஜூலை 1 அன்று காலணா விலையில் வந்தது. இன்று அது 50 காசு. ஆனால் அந்தக் கட்டணம் மெல்லிய காகித அட்டைக்கானது என்பதால், உங்கள் துணி அட்டையை அந்தக் கணக்கில் அனுப்ப நினைக்காதீர்கள். உறைக்குள் வைத்துக் கடிதமாக அனுப்புங்கள். கடிதத்துக்கு முதல் 20 கிராமுக்கு 5 ரூபாய். மணியும் கண்ணாடியும் வைத்த அட்டை அந்த எடையைத் தாண்டலாம், ஆகையால் அஞ்சலகத்தில் நிறுத்துப் பார்த்துத் தபால் தலை ஒட்டுங்கள். நான் ஒருமுறை உறையில்லாமல் அனுப்பிய அட்டை ஊர் போய்ச் சேர்ந்தது. ஆனால் அதில் பதித்திருந்த வட்டக் கண்ணாடி மூன்றாக உடைந்திருந்தது. முத்திரை குத்தும் வேகத்துக்கும் மூட்டைகளின் அழுத்தத்துக்கும் கண்ணாடி தாங்காது. தபாலில் போக வேண்டிய அட்டைகளில் தையல் வேலை மட்டும் வைத்து, கண்ணாடியையும் குந்தனையும் நேரில் கொடுப்பவற்றுக்கு ஒதுக்கிவிடுங்கள். போய்ச் சேர்ந்த விவரம் தெரிய வேண்டும் என்றால் விரைவுத் தபாலே வழி, 2025இல் பதிவுத் தபால் அதனோடு இணைக்கப்பட்டுவிட்டது.

உறைக்குள் வைத்தால் அது அஞ்சலட்டை ஆகுமா என்று உங்களுக்குத் தோன்றலாம். முதல் உலகப் போரின்போது பிரான்ஸிலும் பெல்ஜியத்திலும் பெண்கள் மெல்லிய பட்டில் பூக்களையும் நாட்டுக் கொடிகளையும் பூத்தையலாகத் தைத்தார்கள். அவை காகிதச் சட்டத்தில் ஒட்டப்பட்டு அஞ்சலட்டைகளாக விற்றன. பிரிட்டிஷ் சிப்பாய்கள் அவற்றை வாங்கித் தாய்க்கும் மனைவிக்கும் அனுப்பினார்கள். இன்று அருங்காட்சியகங்களில் இருக்கும் அந்த அட்டைகள் பலவற்றின் பின்புறத்தில் முகவரியும் இல்லை, தபால் தலையும் இல்லை. பட்டு கெட்டுவிடும் என்று கடிதத்தோடு உறையில் வைத்தே அனுப்பியிருக்கிறார்கள்.

சிறு பரிசுகளில் மூன்றை மட்டும் சொல்கிறேன். அட்டைக்குப் போதாத அளவுத் துண்டுகளுக்கு வெட்டிவேர்ப் பை. 8 செ.மீ. சதுரங்கள் இரண்டை மூன்று பக்கம் தைத்துத் திருப்பி, சிறிதாக நறுக்கிய வெட்டிவேரை நிரப்பி வாயைத் தையுங்கள். உள்ளே மல் துணியில் ஒரு பை இருப்பது நல்லது, இல்லாவிட்டால் வேரின் முனைகள் பட்டைத் துளைத்து வெளியே வரும். பீரோவில் சேலைகளுக்கு நடுவே வைத்துக்கொள்ளலாம். நீளமான ஜரிகைக் கரைத் துண்டுகளுக்குப் புத்தகக்குறி. பக்ரம் ஒரு அடுக்கு, முனையில் ஒரு குஞ்சம், அவ்வளவுதான்.

மூன்றாவது சுருக்குப் பை. வயதான உறவினர்களுக்கு இதைவிட நல்ல பரிசு எனக்குத் தோன்றவில்லை. வெற்றிலை பாக்கும் சில்லறையும் முடிந்து இடுப்பில் செருகிய பை அவர்களில் பலருடைய தாய்மாரிடம் இருந்திருக்கும். 24 செ.மீ. விட்டமுள்ள வட்டமாக ரவிக்கைத் துணி ஒன்றும் லைனிங் ஒன்றும் வெட்டி, முகத்தோடு முகம் வைத்து, நான்கு விரல் இடைவெளி விட்டுச் சுற்றித் தைத்துத் திருப்புங்கள். விளிம்பிலிருந்து 2 செ.மீ. தள்ளி ஒரு சுற்றும், மேலும் ஒரு செ.மீ. தள்ளி மறு சுற்றும் தைத்தால் கயிறு ஓடும் பாதை கிடைக்கும். இந்தப் பாதையில் நேரெதிரே இரண்டு இடங்களில் மேல்துணியில் மட்டும் சிறு துளையிட்டு, அதன் ஓரத்தைக் காஜா போலக் கையால் கட்டுங்கள். ஒரு கயிறு ஒரு துளையில் நுழைந்து முழுச் சுற்றும் போய் அதே துளையில் வெளிவர வேண்டும். மற்றது எதிர்த்துளையில் அப்படியே. இரண்டு பக்கமும் இழுத்தால் வாய் இறுகும். பெரிய துண்டு இல்லையே என்று தயங்க வேண்டாம், ஆறு விசிறித் துண்டுகளை இணைத்தும் அந்த வட்டத்தைச் செய்யலாம். ஆறும் ஆறு பெண்களின் ரவிக்கைகளாக இருந்தால் இன்னும் அழகு.

இருபது அட்டையையும் ஒவ்வொன்றாக முடித்துக்கொண்டு வராதீர்கள். ஒரு நாள் பக்ரமும் பின்துணியும் முழுவதும் வெட்டி அடுக்குங்கள். அடுத்த சில நாட்கள் மேல்துணிகள். கைவேலையை மாலைப் பொழுதுகளில் ஒரு டப்பாவில் எடுத்துவைத்துக்கொண்டு செய்யலாம். ஓரம் தைப்பதை மட்டும் கடைசியில் இரண்டு நாளில், ஊசியைப் புதிதாக மாற்றி, பாபின்கள் நாலைந்தை முன்கூட்டியே சுற்றிவைத்துக்கொண்டு முடியுங்கள். முதல் அட்டையை யாருக்கும் கொடுக்க வேண்டாம். அது மூலை மடிப்பைக் கை பழகிக்கொள்வதற்கு. மிஷின் பக்கத்தில் மாட்டிவைத்துக்கொண்டால் மற்றவற்றுக்கு அளவாக இருக்கும்.